பழைய மஸில் காருக்கு டயர் அளவும் காற்றழுத்தமும்: எதை முதலில் அளப்பது, எதைக் கடைசியில் முடிவு செய்வது

அமெரிக்காவில் 1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை வந்த மஸில் கார் (பெரிய இன்ஜின் பொருத்திய வேகமான கார்) ஒன்றைப் புதிதாக வாங்கியவர் டயர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இதில் போகக்கூடிய அகலமான டயர் எது?" என்பதுதான். அந்தக் கேள்வி வர வேண்டிய இடம் பாதி வேலை முடிந்த பிறகு. முதலில் வீல், பிறகு உயரம், பிறகு இடம், அதற்குப் பிறகு அகலம், கடைசியில் காற்று. இந்த வரிசை மாறினால் மட்கார்டில் உரசுகிற டயர், பொய் சொல்லும் ஸ்பீடோமீட்டர், நெடுஞ்சாலையில் அலையும் ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்.

உதாரணத்துக்கு 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396-ஐ எடுத்துக்கொள்கிறேன். ஆலையிலிருந்து 14×7 வீலும் எஃப்70-14 டயரும் போட்டு வந்த வண்டி. மஸ்டாங், ஜிடிஓ, சார்ஜர் எதுவானாலும் முறை இதுதான். எண்கள் மட்டும் மாறும்.

1. கையில் இருக்க வேண்டியவை

இரும்பு அளவுகோல் அல்லது நேரான மரச்சட்டம், மில்லிமீட்டர் காட்டும் டேப், இரண்டு ஜாக்கியும் நான்கு ஸ்டாண்டும், டார்க் ரெஞ்ச், நல்ல காற்றழுத்தக் கேஜ், டயர் ஆழமானி, கொஞ்சம் சாக்பீஸ். கேஜில் மட்டும் காசு பார்க்காதீர்கள். பெட்ரோல் பங்க் குழாயில் தொங்கும் கேஜ் மூன்று நான்கு பிஎஸ்ஐ தவறாகக் காட்டலாம். நாம் கடைசிப் படியில் திருத்தப்போவதே இரண்டு பிஎஸ்ஐ அளவில்தான்.

இன்னொரு முன்வேலையும் உண்டு. சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட், ஸ்பிரிங் எதையாவது மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு டயருக்கு வாருங்கள். தொய்ந்த ஸ்பிரிங்கோடு அளந்த இடைவெளி, புது ஸ்பிரிங் போட்டதும் செல்லாது.

2. வீலைப் படியுங்கள்

ஐம்பது வருடத்தில் வண்டி பல கை மாறியிருக்கும். இப்போது அதில் இருப்பது ஆலை வீல்தான் என்று நம்பிவிட வேண்டாம்.

முதலில் போல்ட் வட்டம். ஷெவெலுக்கு ஐந்து போல்ட், 4.75 அங்குலம், அதாவது 120.65 மி.மீ. அந்தக் கால ஃபோர்டு, டாட்ஜ், பிளைமவுத் மஸில் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு 4.5 அங்குலம், 114.3 மி.மீ. ஐந்து துளை வீலில் எதிரெதிரே துளை இருக்காது என்பதால் வட்டத்தை நேராக அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே அளந்து 1.7 ஆல் பெருக்குங்கள். 71 மி.மீ வந்தால் 4.75 அங்குல வட்டம், 67 வந்தால் 4.5.

இங்கே ஒரு ஆபத்தான குழி இருக்கிறது. 2010-க்குப் பிறகு வந்த கமாரோ, பல பிஎம்டபிள்யூ கார்கள் எல்லாம் 120 மி.மீ வட்டம். வீல் ஷெவெலில் ஏறும், நட்டும் பிடிக்கும். ஆனால் அந்த 0.65 மி.மீ வித்தியாசத்தால் நட்டு தன் குழியில் முழுதாக உட்காராமல் ஓரமாக ஏறி நிற்கும். ஓடஓட நட்டு தளரும், நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் வளையும். டேப்பால் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. வீல் எந்த வண்டிக்காகச் செய்யப்பட்டது என்று தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

அடுத்து ரிம் அகலம். வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அளந்தால் தவறு. டயர் வந்து உட்காரும் உள்மேடைகளுக்கு இடையே அளக்க வேண்டும். 7 அங்குல வீல் வெளியே ஏறக்குறைய 8 அங்குலம் காட்டும்.

மூன்றாவது பேக்ஸ்பேஸ். வீலைக் குப்புறப் படுக்கவைத்து, பின்விளிம்பின் மேல் மரச்சட்டத்தை வைத்து, அங்கிருந்து ஹப்பில் ஒட்டும் தளம் வரை இறங்கும் ஆழத்தை அளங்கள். வெளி அகலத்தில் பாதியை இதிலிருந்து கழித்தால் ஆஃப்செட், அதாவது ஹப்பில் ஒட்டும் தளம் வீலின் நடுவிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்பது. கூட்டல் என்றால் வீல் அவ்வளவு உள்ளே தள்ளி நிற்கும். 15×7 வீலின் வெளி அகலம் 8 அங்குலம், பாதி 4. பேக்ஸ்பேஸ் 4.25 என்றால் ஆஃப்செட் கால் அங்குலம், ஏறக்குறைய கூட்டல் 6 மி.மீ. 15×8 வீலுக்கு பேக்ஸ்பேஸ் 4.5 என்றால் ஆஃப்செட் சுழி. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் வேண்டும்.

டிரம் பிரேக் வண்டியின் 14 அங்குல இரும்பு வீல், டிஸ்க் பிரேக் காலிப்பரில் இடிக்கலாம். டயர் மாட்டுவதற்கு முன்பே வெறும் வீலை ஏற்றிக் கையால் சுற்றிப் பாருங்கள். 1960களின் டாட்ஜ், பிளைமவுத் பலவற்றில் இடப்பக்க ஸ்டட்களுக்கு இடது மரை, அதாவது நட்டை வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும் என்பதும் நினைவில் இருக்கட்டும். தெரியாமல் பலம் போட்டு ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம்.

3. பழைய எழுத்தை இன்றைய அளவாக்குங்கள்

எஃப்70-14 என்பதில் எஃப் என்ற எழுத்து சுமைத் திறனைக் குறிக்கிறது, அகலத்தை அல்ல. எழுத்து ஏ-யிலிருந்து தள்ளிப் போகப்போகச் சுமையும் உருவமும் கூடும். 70 என்பது பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 14 ரிம் விட்டம். அதற்கும் முந்தைய வண்டிகளில் 7.35-14, 7.75-14 என்று அகலத்தை அங்குலத்தில் எழுதியிருப்பார்கள்.

எஃப்70-14-க்கு ஈடாக மாற்று அட்டவணைகளில் 215/70ஆர்14 அல்லது 225/70ஆர்14 என்று பார்ப்பீர்கள். இதில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், ஆர் என்றால் ரேடியல். பழைய டயர்களே கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறி இருந்ததால் இந்தக் குழப்பம். அட்டவணையைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, உயரத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்.

4. உயரத்தை முடிவு செய்யுங்கள்

அகலத்துக்கு முன்னால் உயரம் ஏன்? கியர் விகிதம், ஸ்பீடோமீட்டர், வண்டி நிற்கும் சாய்வு மூன்றும் உயரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

கணக்கு எளிது. அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கி இரட்டிப்பாக்குங்கள். ரிம் அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்.

225/70ஆர்14: 671 மி.மீ
235/60ஆர்15: 663 மி.மீ
255/60ஆர்15: 687 மி.மீ
275/60ஆர்15: 711 மி.மீ

671-ஐ மூலமாக வைத்தால், பின்னால் 255/60ஆர்15 போடும்போது உயரம் இரண்டரை சதவீதம் கூடும். ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 61.5-இல் போகும். பொறுத்துக்கொள்ளலாம். 275/60ஆர்15 போட்டால் ஆறு சதவீதம். 60 காட்டும்போது 63.6. ஆக்சில் விகிதம் (பின்வீல் ஒருமுறை சுற்ற அதை ஓட்டும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 3.31 உள்ள வண்டி 3.12 போல நடந்துகொள்ளும். 70 மைல் வேகத்தில் இன்ஜின் சுற்று சுமார் 2,950-லிருந்து 2,780-க்கு இறங்கும். நெடுஞ்சாலையில் சத்தம் குறையும், நின்ற இடத்திலிருந்து பாய்வது மந்தமாகும். எது வேண்டும் என்று இங்கேயே தீர்மானித்துவிடுங்கள்.

மூன்று சதவீதத்துக்கு மேல் மாறினால் கியர்பாக்ஸில் ஸ்பீடோமீட்டர் கேபிளை ஓட்டும் சிறு பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றுங்கள். சின்ன வேலைதான்.

5. இடத்தை அளங்கள்

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய படி இது. இதே வண்டிக்கு இன்னொருவர் போட்ட அளவு உங்கள் வண்டியில் உரசாது என்று யாரும் உறுதி தர முடியாது. இந்தக் கார்கள் ஆலையிலேயே அத்தனை துல்லியமாகக் கட்டப்பட்டவை அல்ல. பின் ஆக்சில் ஐந்தாறு மி.மீ ஒரு பக்கம் தள்ளி நிற்பது சாதாரணம். மட்கார்டு ஒன்று எப்போதோ மாற்றப்பட்டிருக்கலாம். ஆகவே இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டையும் அளந்து, குறைந்த எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள்.

பின்பக்கத்தில் தொடங்குங்கள். வீலைக் கழற்றி, ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் கொடுங்கள். சேஸிஸுக்கு அடியில் கொடுத்தால் ஆக்சில் தொங்கிவிடும்; அப்போது கிடைக்கும் அளவு வண்டி ஓடும்போது இருக்கிற அளவு அல்ல. புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இதில்தான்.

பிரேக் டிரம்மின் முகத்தில் மரச்சட்டத்தைச் செங்குத்தாக வைத்தால், அதுதான் வீல் ஒட்டும் தளம். அங்கிருந்து உள்ளே சேஸிஸ் சட்டம் வரை, உள்மட்கார்டு வரை, ஷாக் அப்சார்பர் வரை, புகைக்குழாய் வரை அளங்கள். வெளியே மட்கார்டின் மடிந்த உதடு வரை அளங்கள். டயரின் மேல், முன், பின் மூன்று இடத்திலும் பாருங்கள்.

டயருக்கு உள்பக்கம் வேண்டிய இடம் என்பது டயர் அகலத்தில் பாதி, அதோடு ஆஃப்செட். உதாரணமாக உங்கள் வண்டியில் தளத்திலிருந்து சேஸிஸ் சட்டம் 150 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். 255 டயர் புடைத்து 260 வரை வரலாம், பாதி 130. ஆஃப்செட் சுழி என்றால் மீதி 20 மி.மீ. கூட்டல் 6 ஆஃப்செட் என்றால் மீதி 14. இதே இடத்தில் 275 டயர் போட்டால் சுழி ஆஃப்செட்டிலும் 10, 12 மி.மீதான் மிஞ்சும். உள்பக்கம் 12 மி.மீ-க்குக் குறைந்தால் நான் போடமாட்டேன். வளைவில் ஆக்சில் பக்கவாட்டில் நகரும், ரப்பர் புஷ் அமுங்கும். வெளிப்பக்கம் 15 மி.மீயாவது வேண்டும். பின்சீட்டில் இருவர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது முதலில் வெட்டுவது மட்கார்டு உதடுதான்.

பிறகு ஒரு பக்க ஆக்சிலை மட்டும் ஜாக்கியால் உயர்த்தி, வண்டி ஒருபுறம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று மறுபடி பாருங்கள். பிரேக் குழாய் டயருக்கு எவ்வளவு கிட்டே வருகிறது என்பதையும் சேர்த்து.

முன்பக்கம் வேறு கதை. ஸ்டியரிங்கை இரு முனைக்கும் முழுதாகத் திருப்பி, டயரின் பின்விளிம்பு மட்கார்டிலும், உள்விளிம்பு கீழ்க் கண்ட்ரோல் ஆர்மிலும் ஸ்வே பாரிலும் எங்கே நெருங்குகிறது என்று பாருங்கள். நேராக நிற்கும்போது தாராளமாக இடம் தெரியும் முன்வீல், ரிவர்ஸில் முழுதாகத் திருப்பும்போது உரசும். முன்னால் 235-க்கு மேல் அகலம் தேடுபவர்கள் இந்தச் சோதனையில்தான் மனம் மாறுகிறார்கள்.

6. இப்போது அகலம்

இடம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. இனி ரிம் எந்த டயரைத் தாங்கும் என்று பாருங்கள். 235/60ஆர்15-க்கு 6.5 முதல் 8.5 அங்குல ரிம், 255/60ஆர்15-க்கு 7 முதல் 9, 275/60ஆர்15-க்கு 7.5 முதல் 9.5. ஆக, 7 அங்குல ரிம்மில் 275 வேண்டவே வேண்டாம். குறுகிய ரிம் டயரின் இரு தோளையும் உள்ளே இழுக்கும், நடுப்பகுதி புடைக்கும், காசு கொடுத்து வாங்கிய அகலம் தரையில் படாது. ரிம் அகலம் அரை அங்குலம் மாறினால் டயரின் புடைப்பு ஏறக்குறைய 5 மி.மீ மாறும் என்பதையும் ஐந்தாம் படிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷெவெலுக்கு என் பரிந்துரை: முன்னால் 15×7 வீலில் 235/60ஆர்15, பின்னால் 15×8 வீலில் 255/60ஆர்15. நான்கும் ஒரே 15×7 வீலாக இருந்தாலும் இந்த இரு அளவுகளும் அதில் அடங்கும். 14 அங்குல ஆலை வீலையே வைத்துக்கொள்ள விரும்பினால் 225/70ஆர்14 போதும். பார்க்கவும் அதுதான் இயல்பாக இருக்கும்.

7. டயரின் வகையும் வயதும்

தினமும் ஓட்டப்போகிற வண்டி என்றால் ரேடியல், அதாவது இன்றைய கார்களில் உள்ள வகை. பயாஸ் பிளை, அதாவது நம் ஊர் லாரிக்காரர்கள் நைலான் டயர் என்று சொல்லும் வகை, சாலையில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் பின்தொடரும். இரவெல்லாம் நின்றால் தரையில் பட்ட இடம் தட்டையாகி, காலையில் சிறிது தூரம் குதித்துக் குதித்துப் போகும். கண்காட்சியில் நிறுத்தும் வண்டிக்குப் பழைய வார்ப்பில் செய்த பயாஸ் டயர்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றுக்கு அதுதான் இடம்.

இரண்டையும் கலக்காதீர்கள். ஒரே ஆக்சிலில் கலப்பது அறவே கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்று போட்டால் வளைவில் பின்பக்கம் முதலில் பிடி விட்டுப் போகும்.

15 அங்குலத்தில் கிடைக்கும் வெள்ளை எழுத்து டயர்களில் பெரும்பாலானவை எஸ் அல்லது டி வேக மதிப்பு கொண்டவை. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ, டி என்றால் 190. தோற்றம் ஆக்ரோஷமாக இருந்தாலும் இவை நிதானமாக ஓட்டுவதற்கான டயர்கள். ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் இன்றைய சாதாரண காரைவிட அதிகமாகவே இருக்கும். உண்மையான பிடிப்பு வேண்டுமென்றால் 17 அங்குல வீலுக்குப் போங்கள். 255/50ஆர்17 உயரம் 687 மி.மீ, 255/60ஆர்15-க்குச் சரியாகப் பொருந்தும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று எண் மட்டும் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிப் போடுங்கள். மஸில் கார்கள் வருடத்துக்குக் கொஞ்ச தூரமே ஓடுவதால் டயர் தேய்வதற்குள் கிழமாகிவிடுகிறது. ஆறு வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் வெடிப்பு பார்க்க வேண்டும். பத்து வருடம் கடந்தால் ஓட்டக் கூடாது.

8. மாட்டுவதும் அலைன்மென்ட்டும்

பழைய இரும்பு வீல்களின் நடுத்துளை துல்லியமாக இராது. பேலன்ஸ் பார்க்கும்போது நட்டுத் துளைகளைப் பிடிக்கும் அடாப்டரில் வைக்கச் சொல்லுங்கள். நடுத்துளையில் கூம்பு வைத்துப் பேலன்ஸ் செய்தால் எந்திரம் சரி என்று காட்டும், வண்டி 60 மைலில் நடுங்கும்.

ஷெவெலின் 7/16 அங்குல ஸ்டட்டுக்கு 70 முதல் 80 அடி-பவுண்டு, நட்சத்திர வரிசையில். சுமார் 80 கி.மீ ஓடிய பிறகு மறுபடி பாருங்கள்; பெயின்ட் அமுங்கி நட்டு இளகியிருக்கலாம்.

அலைன்மென்ட் கடையில் பழைய புத்தகத்து எண்களை வைக்கவிடாதீர்கள். பயாஸ் டயருக்காக எழுதப்பட்ட அந்த எண்களில் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) சுழிக்கு அருகிலோ அதற்குக் கீழோ இருக்கும். ரேடியலுக்குக் கூட்டல் காஸ்டர் வேண்டும். பவர் ஸ்டியரிங் வண்டிக்குக் கூட்டல் 2 முதல் 4 டிகிரிக்குள் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு, கேம்பர் (வீல் மேற்புறம் உள்ளே அல்லது வெளியே சாயும் அளவு) சுழியிலிருந்து கழித்தல் அரை, டோ (இரு முன்வீல்களும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) உள்நோக்கி 1.5 முதல் 3 மி.மீ. டயர் மாற்றியும் ஸ்டியரிங் அலைகிறது என்று காற்றைக் குறைத்தும் ஏற்றியும் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் காஸ்டர்தான் குற்றவாளி.

9. காற்றழுத்தம்

மூன்று எண்கள் உங்கள் முன்னால் இருக்கும். பழைய கையேடு 24 பிஎஸ்ஐ என்ற அளவில் சொல்லும். டயரின் பக்கச்சுவர் 35 அல்லது 44 என்று சொல்லும். கடைக்காரர் எல்லா வண்டிக்கும் போடும் எண் ஒன்று இருக்கும். மூன்றுமே உங்கள் வண்டிக்கானவை அல்ல.

கையேட்டின் எண் கெட்டியான பக்கச்சுவர் கொண்ட பயாஸ் டயருக்கானது. ரேடியலில் அவ்வளவு குறைவாக வைத்தால் பக்கச்சுவர் மடிந்து சூடாகும், தோள்கள் தேயும், ஸ்டியரிங் தாமதமாகப் பதில் சொல்லும். பக்கச்சுவரின் எண் மேல்வரம்பு. அங்கே போய் நிற்கச் சொல்லும் எண் அல்ல.

சரியான எண் ஆக்சில் மேல் நிற்கும் எடையிலிருந்து வரும். அமெரிக்க நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் முன்வீல் ஒரு தட்டிலும் பின்வீல் அடுத்த தட்டிலும் நிற்கும்படி நிறுத்தினால் இரண்டு எடையும் தனித்தனியாகச் சீட்டில் வரும். நீங்கள் வழக்கமாக ஓட்டும் ஆட்களோடும் பெட்ரோலோடும் எடை போடுங்கள். பெரிய இன்ஜின் ஷெவெல் ஆளில்லாமல் ஏறக்குறைய 1,700 கிலோ. அதில் பாதிக்கு மேல், 57 சதவீதம் அளவில், முன்னால் நிற்கும். ஒரு முன்டயருக்கு 485 கிலோ, பின்டயருக்கு 365.

டயரில் 98 என்ற சுமை எண் இருந்தால் 750 கிலோ, 102 என்றால் 850. சாதாரணச் சுமை வகை டயர் இந்த முழு எடையைத் தாங்க 35 அல்லது 36 பிஎஸ்ஐ போதும். நம் எடை அதைவிட மிகக் குறைவு. எனவே தொடக்கம் இப்படி வையுங்கள்: முன்னால் 32, பின்னால் 30. நால்வரும் சாமானும் ஏறினால் பின்னால் 32 முதல் 34.

குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும்: வண்டி மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கி.மீ-க்குமேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடிய டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். வெயில் மாறினாலும் மாறும். ஐந்தரை டிகிரி செல்சியஸுக்கு ஒரு பிஎஸ்ஐ. கோடையில் வைத்த காற்றோடு மிச்சிகன் குளிர்காலத்தில் வண்டியை எடுத்தால் ஆறேழு பிஎஸ்ஐ காணாமல் போயிருக்கும்.

பிறகு சாக்பீஸ் சோதனை. பட்டனின் குறுக்கே தடிமனாகக் கோடு போட்டு, சமதளத்தில் நேராக நூறு மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்கள் மட்டும் அழிந்தால் குறைவு. இரண்டு பிஎஸ்ஐ மாற்றி மறுபடி. சீராக அழிந்தால் நிறுத்துங்கள். இந்தச் சோதனை நேரோட்டத்தை மட்டும்தான் காட்டும். ஒரு உள்தோள் மட்டும் தேய்வது அலைன்மென்ட் கோளாறு. அதைக் காற்றால் சரிசெய்ய முயல வேண்டாம். சில மாதம் ஓடிய பிறகு ஆழமானியால் உள், நடு, வெளி மூன்றையும் அளந்து பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும்.

வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போனால் முன்னால் இரண்டு பிஎஸ்ஐ கூட்டிப் பாருங்கள். வேகம் எடுக்கும்போது பின்டயர் சுழல்கிறது என்று பின்னால் 22, 24-க்கு இறக்கும் பழக்கம் பந்தயத் தடத்துக்கு உரியது. அதற்கென்று செய்த டயர்கள் வேறு. சாலையில் 28-க்குக் கீழே போகாதீர்கள்.

10. ஸ்டெப்னி

டிக்கியில் இருக்கும் பழைய 14 அங்குல ஸ்டெப்னியை யாரும் நினைப்பதில்லை. முதலில் அது புது பிரேக்கில் ஏறுகிறதா என்று போட்டுப் பாருங்கள், வயதையும் பாருங்கள்.

பாசிட்ராக்ஷன், அதாவது ஒரு பின்வீல் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரென்ஷியல், உள்ள வண்டியில் இன்னொரு சிக்கல். பின் ஆக்சிலில் ஒரு பக்கம் 687, மறுபக்கம் 656 மி.மீ உயரம் இருந்தால் இரு வீலும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். டிஃபரென்ஷியலுக்குள் உள்ள கிளட்ச் தட்டுகள் வண்டி நேராகப் போகும்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பின்டயர் பஞ்சரானால் அந்தப் பக்கத்து முன்வீலைப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை முன்னால் போடுங்கள். முன் 663, பின் 687 என்று இருக்கும்போது இதிலும் கொஞ்சம் வித்தியாசம் வரும். பத்துப் பதினைந்து மைல், நிதானமான வேகம், அவ்வளவுதான். புதிதாக ஸ்டெப்னி வாங்குவதென்றால் பின்டயரின் உயரத்துக்கே வாங்கி, அதில் 35 பிஎஸ்ஐ வைத்து, மற்ற நான்கையும் பார்க்கும் நாளில் அதையும் சேர்த்துப் பாருங்கள்.